டிஸ்னி வேர்ல்டுக்கு மூன்று தலைமுறையாக ஆறு பேர் செல்கிறோம்: நான்கு பூங்காக்களையும் பார்த்தாக வேண்டுமா?

சார்லட்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் திருச்சியிலிருந்து வந்து, வட கரோலினா மாநிலம் சார்லட்டில் எங்களோடு தங்கியிருக்கிறார்கள். ஜனவரி நடுவில் ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் ஆர்லாண்டோ அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு எல்லோருமாகப் போய்வர வேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள். நானும் என் கணவரும் இதுவரை அங்கே போனதில்லை. இணையத்தில் படிக்கப் படிக்கத் தெளிவு பிறப்பதற்குப் பதிலாகக் குழப்பமே கூடுகிறது. ஆகவே குடும்பத்தோடு போய்வந்தவர்களிடம் கேட்கிறேன்.

எங்கள் நிலைமை இதுதான். அப்பாவுக்கு 71 வயது; பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நன்றாக நடப்பார். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. கால் மணி நேரம் நடந்தால் உட்கார வேண்டும், படி ஏறுவது சிரமம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இருவரும் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மகளுக்கு 9 வயது, உயரம் 130 செ.மீ.; ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். மகனுக்கு 4 வயது, 98 செ.மீ.

நான் கேட்க விரும்புவது: எந்த மாதத்தில் போவது? என் கணவர், பள்ளிக்கு விடுப்பு எடுக்கத் தேவையில்லாத கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே போகலாம் என்கிறார். தங்குவது டிஸ்னியின் சொந்த விடுதியிலா, வெளியிலா? நான்கு பூங்காக்களையும் நான்கு நாட்களில் அம்மாவால் பார்க்க முடியுமா, அல்லது அவரை இப்படி அலைக்கழிப்பதே தவறா? அவ்வளவு தூரம் போகிறோமே, புதிதாகத் திறந்திருக்கும் யுனிவர்சல் பூங்காவையும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வீட்டில் ஓடுகிறது.

காவிரிக்கரை:

வணக்கம் சகோதரி. உங்கள் தாயாரை அழைத்துப் போவது தவறே அல்ல. ஆனால் உங்கள் குடும்பத்தில் ஆறு பேரும் எல்லா நாட்களிலும் எல்லா இடங்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட்டால்தான் இந்தப் பயணம் அனைவருக்கும் இனிமையாக அமையும். நம் வீடுகளில் அதைச் சொல்லத் தயங்குவார்கள் என்பதால் வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஒரு பூங்கா அல்ல; ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி அமைந்துள்ள நான்கு பூங்காக்களும், இரண்டு நீர்ப் பூங்காக்களும், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளும் சேர்ந்த ஒரு பெருவளாகம். மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்றும், எப்காட் 1982இல் அதே தேதியிலும், இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் எனப்படுவது 1989இலும், அனிமல் கிங்டம் 1998இலும் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கத்தோடு கட்டப்பட்டதால், ஒன்று முதியவர்களுக்கு மிகப் பொருத்தமாகவும் இன்னொன்று அவ்வளவாகப் பொருந்தாமலும் இருப்பது இயல்பு.

உங்கள் பெற்றோருக்கு மூன்று பூங்காக்கள் போதும். ஹாலிவுட் ஸ்டூடியோஸை அவர்களுடைய பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அங்குள்ள சிறந்த சவாரிகளில் பல வேகமானவை, மற்றவை ஸ்டார் வார்ஸ், டாய் ஸ்டோரி கதைகளை அறிந்தவர்களுக்கே சுவைப்பவை. பெற்றோர் விடுதியில் ஓய்வெடுக்கும் நாளில் நீங்கள் நால்வர் மட்டும் அங்கே போய்வரலாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மூன்று நாள் சீட்டும் மற்றவருக்கு நான்கு நாள் சீட்டும் வாங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. மேலும் பல நாள் சீட்டுகளைத் தொடர்ச்சியான நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. மூன்று நாள் சீட்டை ஐந்து நாள் இடைவெளிக்குள் எந்த மூன்று நாட்களில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஒரே நாளில் ஒன்றுக்கும் மேற்பட்ட பூங்காக்களுக்குச் செல்ல உதவும் பார்க் ஹாப்பர் என்ற கூடுதல் கட்டணம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். முழங்கால் வலி உள்ளவரை ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலைக்கு அந்தப் பணத்தைச் செலவிடுவதில் பொருளில்லை.

காலம் பற்றி: கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் ஆண்டிலேயே மிக நெரிசலானது. நுழைவுச்சீட்டின் விலையும் தேதிக்குத் தேதி மாறும். மலிவான நாளில் அனிமல் கிங்டமுக்கு ஒருவருக்கு 119 டாலர் அளவில் தொடங்கும் ஒருநாள் சீட்டு, அந்த வாரத்தில் மேஜிக் கிங்டமுக்கு 200 டாலரை எட்டிவிடுகிறது. விலையையாவது பொறுத்துக்கொள்ளலாம், தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் உங்கள் தாயாருக்கு உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடைக்காது என்பதுதான் என் கவலை. நவம்பர் மாதத்தில் நன்றி தெரிவிக்கும் நாள் வாரத்தையும், நியூ ஜெர்சி பள்ளிகள் ஆசிரியர் மாநாட்டுக்காக மூடப்படும் மாதத் தொடக்க வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் முதல் பதினைந்து நாட்களுக்குள் ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து வெள்ளியன்று திரும்பினால், கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் முழுவதையும் பார்க்கலாம், கூட்டமும் தாங்கக்கூடியதாக இருக்கும். மகளுக்குச் சில நாட்கள் பள்ளி போகும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தாத்தா பாட்டியோடு கழிக்கும் ஒரு வாரம் அதற்கு ஈடானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மாதத்தில் பகல் வெப்பம் பெரும்பாலும் 22, 23 டிகிரி அளவில் இருக்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் காலை வேளை 10 டிகிரிக்கும் கீழே போகலாம் என்பதால் பெற்றோருக்கு ஸ்வெட்டரும் காதுக்குக் குல்லாவும் கட்டாயம். கோடையில் போவதாக இருந்தால் அன்றாடம் பிற்பகலில் வரும் இடிமழையைப் பற்றியே தனியாக எழுத வேண்டியிருக்கும். நல்லவேளையாக உங்களுக்கு அது தேவையில்லை.

யுனிவர்சலை இந்த முறை விட்டுவிடுங்கள். எபிக் யுனிவர்ஸ் என்னும் அந்தப் புதிய பூங்கா 2025 மே 22 அன்று திறக்கப்பட்டது. அது வேறு நிறுவனத்தினுடையது, சீட்டும் வேறு, டிஸ்னி பேருந்துகள் அங்கே போகா. உங்கள் மகன் இன்னும் ஒரு சாண் வளர்ந்தபின் அதற்கெனத் தனியாகப் போவதே சரி.

ஆர்லாண்டோவாசி:

காவிரிக்கரை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். தங்குமிடம் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை என்பதால், இந்த ஊரிலேயே வாழ்ந்து ஆண்டுதோறும் உறவினர்களை அழைத்துப் போகிறவன் என்ற முறையில் வெளியே தங்குவதற்கான நியாயத்தை எடுத்துவைக்கிறேன்.

சைவம் மட்டும் உண்ணும் பெரியவர்களுக்குச் சமையலறை என்பது வசதி அல்ல, தேவை. டிஸ்னி வளாகத்துக்குத் தெற்கே கிஸ்ஸிமி பக்கத்தில், 192ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் ஏராளம். மூன்று படுக்கையறை, முழுச் சமையலறை, துணி துவைக்கும் எந்திரம், பல வீடுகளில் சிறிய நீச்சல்குளம் ஆகியவற்றோடு, டிஸ்னி விடுதியில் ஒரு குடும்ப அறைக்கு ஆகும் செலவில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்துவிடும். நீங்கள் சார்லட்டிலிருந்து காரில்தான் வருவீர்கள் என்று நினைக்கிறேன். ஏறத்தாழ 850 கிலோமீட்டர், நிற்காமல் வந்தாலே எட்டு மணி நேரமாவது ஆகும். வழியில் சவானாவில் ஓர் இரவு தங்கி வாருங்கள். கார் இருப்பதால் குக்கர், இட்லித் தட்டு, அரைத்த மாவு எல்லாவற்றையும் கொண்டுவரலாம். காலையில் ரசமும் பருப்பும் வைத்துவிட்டுக் கிளம்பினால், மாலையில் களைத்துத் திரும்பும் தாயாருக்குச் சூடான சாதம் கிடைக்கும்.

பூங்காக்களுக்குள் வெளி உணவை எடுத்துச் செல்ல அனுமதி உண்டு என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடிப் பாத்திரமும், மதுவும், தனியாகக் கொட்டிய பனிக்கட்டியும்தான் கூடாது. புளியோதரை, சப்பாத்தி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, உறைய வைக்கப்பட்ட குளிர்பட்டைகளுக்கு நடுவே வைத்த தயிர்சாதம் எல்லாவற்றையும் பாதுகாப்புச் சோதனையில் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் குளிர்ந்த நீரை ஒரு குவளையில் இலவசமாகவே தருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை, குறிப்பிட்ட சில மாலைகளில் மேஜிக் கிங்டமில் தனிச்சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டுமான கிறிஸ்துமஸ் விருந்து நடக்கிறது. அந்த நாட்களில் சாதாரணச் சீட்டு வைத்திருப்பவர்கள் மாலை 6 மணிக்கே வெளியேற வேண்டும். இதனால் இரவு வாணவேடிக்கையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கிறார்கள், பகலில் கூட்டமும் குறைந்துவிடுகிறது. தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்படுவதால், அப்படிப்பட்ட ஒரு நாளைப் பார்த்து மேஜிக் கிங்டமுக்கு ஒதுக்கினால் உங்கள் தாயாருக்கு நல்லது.

முத்துலட்சுமி, டாலஸ்:

ஆர்லாண்டோவாசி ஐயாவின் இரண்டு கருத்துகளிலும் எனக்கு உடன்பாடில்லை. பணிவோடு காரணம் சொல்கிறேன்.

வெளியில் தங்குகிறவர் மேஜிக் கிங்டமுக்குப் போகும் வழியை அவர் விவரிக்கவில்லை. அந்தப் பூங்காவின் வாசலில் கார் நிறுத்துமிடம் கிடையாது. ஒரு பெரிய ஏரிக்கு இக்கரையில் காரை நிறுத்தி, நடந்தோ இழுவண்டியிலோ போக்குவரத்து நிலையத்தை அடைந்து, சோதனை முடித்து, அதன்பின் மோனோரயிலிலோ படகிலோ ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். காரை நிறுத்தியதிலிருந்து வாசலை மிதிக்க முக்கால் மணி நேரம் எளிதாக ஆகிவிடும். இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அதைவிடக் கூடுதலாகும். நாளொன்றுக்கு 30 டாலருக்குக் குறையாத கார் நிறுத்தக் கட்டணம் வேறு. டிஸ்னி விடுதியிலிருந்து புறப்படும் பேருந்தோ நேராக வாசலருகே இறக்கிவிடுகிறது. தங்குகிறவர்களுக்குக் கார் நிறுத்தக் கட்டணமும் இல்லை. முழங்கால் வலியோடு இருப்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஏனெனில், நண்பகலில் அறைக்குத் திரும்பிப் படுத்து எழுந்து மாலையில் மறுபடி வருவது உள்ளே தங்கினால்தான் நடைமுறையில் சாத்தியம். வெளியில் தங்கியவர்கள் "போனால் திரும்பி வர முடியாது" என்று இரவு வரை பெரியவர்களை உள்ளேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்தக் களைப்புதான் அடுத்த இரண்டு நாட்களையும் கெடுக்கிறது.

ஆறு பேருக்கு ஏற்றவை என்று இரண்டைச் சொல்வேன். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியின் குடும்பத் தொகுப்பறைகளில் ஆறு பேர் தங்கலாம். இரண்டு குளியலறைகள், குளிர்பெட்டி, மைக்ரோவேவ் உண்டு, அடுப்பு கிடையாது. முழுச் சமையலறைதான் வேண்டுமென்றால் ஃபோர்ட் வில்டர்னெஸ் வளாகத்தின் சிறு வீடுகளிலும் ஆறு பேர் தங்கலாம், ஆனால் குளியலறை ஒன்றுதான். வளாகத்துக்குள்ளேயே ஒரு பேருந்து மாற வேண்டியும் வரலாம். நான் முதலாவதையே தேர்ந்தெடுப்பேன். அதன் வாசலிலிருந்து 2019இல் தொடங்கிய ஸ்கைலைனர் என்னும் கம்பிவடப் பெட்டிகளில் ஏறினால், இடையில் ஒரே ஒரு முறை மாறி எப்காட்டின் பின்வாசலிலோ ஹாலிவுட் ஸ்டூடியோஸ் வாசலிலோ இறங்கிவிடலாம். சக்கர நாற்காலியோடு வருபவர்களுக்குப் பெட்டியை முழுவதுமாக நிறுத்தி ஏற்றும் தனி இடம் இருக்கிறது. பலத்த காற்றோ மின்னலோ இருந்தால் அது நின்றுவிடும், அப்போது பேருந்து.

சமையலைப் பற்றிய கவலையும் மிகைப்பட்டதே. மைக்ரோவேவில் அரிசி வேகவைக்கும் பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்றும், வீட்டில் செய்த புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தொக்கு, நெய் ஆகியவையும் போதும். ஒரு மாலையில் மட்டும் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்னும் டிஸ்னி விடுதியின் கிடானி பகுதியில் உள்ள சனா உணவகத்துக்குப் போங்கள். நாண் ரொட்டி உள்ளிட்ட பலவகை ரொட்டிகளோடு தொட்டுக்கொள்ளச் சட்னி, ஊறுகாய் போன்ற ஒன்பது வகைகள் தருகிறார்கள். சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கின்றன. அறுபது நாட்களுக்கு முன்பே இடம் பதிய வேண்டும்.

விருந்து நாளைத் தேர்ந்தெடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. மேஜிக் கிங்டம் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை எழும்போது குழந்தைகளின் முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்? விருந்து இல்லாத நாளிலேயே போங்கள். காலையில் அனைவரும் போய், ஒரு மணிக்குத் திரும்பிவிட்டு, இரவு வேடிக்கைக்குக் குழந்தைகளோடு நீங்கள் இருவர் மட்டும் பேருந்தில் போய்வாருங்கள். பெற்றோருக்கு விருப்பமிருந்தால் அவர்களுக்கான வாணவேடிக்கையை எப்காட் ஏரிக்கரையில் பார்க்கலாம். அங்கே இடம் அகலமானது, ஏரியைச் சுற்றி எங்கிருந்தும் தெரியும், முடிந்ததும் பின்வாசல் வழியே ஸ்கைலைனருக்கு வந்துவிடலாம்.

இயன்முறை மருத்துவர்:

முதியவர்களின் மூட்டு நோய்களைப் பார்க்கும் பணியில் இருப்பவள் என்பதால் தாயாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்தப் பூங்காக்களில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பவர்கள் மிகப் பலர். எப்காட்டில் பதினொரு நாடுகளின் கட்டடங்கள் ஏரியைச் சுற்றி நிற்கும் பகுதியை ஒருமுறை வலம் வந்தாலே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். கால் மணி நேரத்தில் உட்கார வேண்டியவர் இதை நடந்து கடக்கலாம் என்று எண்ணவே கூடாது. முதல் நாள் முதல் நிமிடத்திலிருந்தே சக்கர நாற்காலி வேண்டும். நம் தாய்மார்கள் "நான் என்ன நோயாளியா?" என்று மறுப்பார்கள், இரண்டாம் நாள் வலி தாளாமல் ஒப்புக்கொள்வார்கள், அதற்குள் மூட்டு வீங்கிவிட்டிருக்கும். ஆகவே வீட்டிலேயே பேசி இசைவு பெற்றுவிடுங்கள். மடக்கும் நாற்காலி ஒன்றைக் காரில் கொண்டுபோவது மிகச் சிறந்தது. பூங்கா வாசலில் வாடகைக்குக் கிடைப்பவை முதலில் வருபவர்களுக்கே உரியவை, அந்தப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது.

நாற்காலியில் வருபவர்களை வரிசை இல்லாமல் முன்னே விட்டுவிடுவார்கள் என்றொரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. அது உண்மையல்ல. பெரும்பாலான சவாரிகளில் நாற்காலியோடே பொது வரிசையில்தான் வர வேண்டும். வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கென இருக்கும் தனிச் சலுகை, 2024 முதல், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை முதன்மையாகக் கருத்தில் கொண்டே வழங்கப்படுகிறது. மூட்டு வலிக்கு அதைக் கேட்பதில் பயனில்லை.

எந்தச் சவாரி மெதுவானது என்று மட்டும் பார்க்காமல், எப்படி ஏற வேண்டும் என்றும் பாருங்கள். மேஜிக் கிங்டமின் பீப்பிள்மூவர் மிக மென்மையான பயணம், ஆனால் நகரும் சரிவுப் பட்டையில் ஏறி, நகரும் தளத்திலிருந்து வண்டிக்குள் அடியெடுத்து வைக்க வேண்டும். இந்த முழங்கால்களுக்கு அது வேண்டாம். மாறாக, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு படகிலும், எப்காட்டில் லிவிங் வித் த லேண்ட் படகிலும் நாற்காலியோடே ஏறக்கூடிய படகுகள் உண்டு. இரண்டாவதைத் தவறவே விடாதீர்கள். கண்ணாடிக் கூடங்களுக்குள் மண்ணே இல்லாமல் வேர்கள் காற்றில் தொங்க வளரும் காய்கறிகளுக்கு நடுவே படகு போகிறது. வீட்டில் நான்கு செடி வைத்து வளர்த்த எந்தத் தாயாரும் அதை ஆர்வத்தோடு பார்ப்பார். அனிமல் கிங்டமில் கிளிமஞ்சாரோ சஃபாரிக்கும் நாற்காலியோடு ஏறும் வண்டி கேட்கலாம். பாதை மேடு பள்ளமாகக் குலுக்கும் என்பதால் முதுகுவலி இருந்தால் யோசியுங்கள். விலங்குகள் நடமாடும் காலை வேளையிலேயே அதை முடித்துவிடுவது நல்லது.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால், வரிசையில் நிற்கும்போது கையில் பிஸ்கட்டோ பழமோ இருக்கட்டும். ஒவ்வொரு பூங்காவிலும் செவிலியர் உள்ள முதலுதவி நிலையம் இருக்கிறது. உள்ளே நுழைந்தவுடன் வரைபடத்தில் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருப்பவர்களுக்குப் பயண மருத்துவக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

சார்லட்வாசி:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். டிசம்பர் இரண்டாம் வாரம், ஆர்ட் ஆஃப் அனிமேஷன் குடும்ப அறை, பெற்றோருக்கு மூன்று நாள் சீட்டு, எங்களுக்கு நான்கு நாள் என்று முடிவு செய்திருக்கிறோம். விருந்து இல்லாத நாளில் மேஜிக் கிங்டம் போவதாகவும் உறுதியாகிவிட்டது. சக்கர நாற்காலி பற்றிய பகுதியை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். மருத்துவரே சொல்கிறார் என்றதும் மறுப்பேதும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள் மட்டும். நீண்ட வரிசையில் காத்திருக்காமல் சவாரிக்குப் போக உதவும் லைட்னிங் லேன் என்ற கட்டண வழிக்கு ஆறு பேருக்கும் பணம் கட்ட வேண்டுமா? அடுத்து, அப்பா பேரப்பிள்ளைகளுக்காகத்தான் வருகிறார், அவருக்கென்று அங்கே எதுவும் இருக்கும் என்று தோன்றவில்லை. அவருக்குப் பிடிக்கும்படி ஏதாவது இருக்கிறதா?

காவிரிக்கரை:

முதல் கேள்விக்கு: ஆறு பேருக்கும் வேண்டாம். இந்தச் சீட்டு ஆளுக்கு ஆள் தனித்தனியாக வாங்குவது. மல்ட்டி பாஸ் என்பதில் ஒரு பூங்காவின் பல சவாரிகளில் மூன்றுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளலாம். அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியபின் ஒவ்வொன்றாக மேலும் சேர்க்கலாம். சிங்கிள் பாஸ் என்பது மிகப் பெரிய சவாரி ஒன்றுக்கு மட்டும் தனியாக வாங்குவது. டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள், வந்து சேரும் நாளுக்கு ஏழு நாட்களுக்கு முன் காலை 7 மணிக்கு, தங்கும் நாட்கள் அனைத்துக்கும் சேர்த்தே பதியலாம். வெளியில் தங்குகிறவர்களுக்கு மூன்று நாட்களுக்கு முன்தான். மேஜிக் கிங்டமிலும் ஹாலிவுட் ஸ்டூடியோஸிலும் உங்கள் நால்வருக்கு மல்ட்டி பாஸ் வாங்குங்கள். அனிமல் கிங்டமில் வாங்கத் தேவையில்லை. விடுதி விருந்தினர்களுக்கு எல்லாப் பூங்காக்களும் அரை மணி நேரம் முன்னதாகத் திறக்கப்படுவதால், அந்த நேரத்தில் அவதார் ஃபிளைட் ஆஃப் பாசேஜுக்கு மகளையும் உங்கள் கணவரையும் நேராக அனுப்பிவிடலாம். அதற்குக் குறைந்தபட்ச உயரம் 112 செ.மீ. என்பதால் மகன் ஏற முடியாது. அவனைப் பாட்டியோடும் தாத்தாவோடும் பக்கத்திலேயே உள்ள நாவி ஆற்றுப் படகுக்கு அழைத்துப் போங்கள், அதற்கு உயர வரம்பு இல்லை.

மகனின் 98 செ.மீ. உயரத்தைப் பற்றி ஒரு சொல். 97 செ.மீ. வரம்புள்ள ஸ்லிங்கி டாக் டாஷ், ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் ஆகியவற்றில் அவன் ஏறலாம், 102 செ.மீ. கேட்கும் சவாரிகளில் முடியாது. வாசலில் அளவுகோலை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள், ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் இரங்க மாட்டார்கள். ஆகவே எவை கிடைக்கும், எவை கிடைக்கா என்பதைப் புறப்படும் முன்பே அவனிடம் சொல்லிவையுங்கள். நீங்களும் கணவரும் ஒரு பெரிய சவாரிக்குப் போக விரும்பினால், ரைடர் ஸ்விட்ச் என்று கேட்டு ஒருவர் போய்வரும்வரை மற்றவர் அவனோடு காத்திருந்து, பின்னர் நீண்ட வரிசை இல்லாமல் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள் எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: பயணத்துக்கு முன் பத்து வயது நிரம்பினால் பெரியவர் சீட்டுதான் எடுக்க வேண்டும்.

தந்தையாருக்கு எதுவும் இல்லை என்று எண்ணாதீர்கள். பொன்மலையில் வேலை பார்த்தவர் மேஜிக் கிங்டம் வாசலுக்கு வந்ததும் முதலில் காண்பது ஒரு ரயில் நிலையம். பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் ஓடும் அந்த ரயிலை இழுப்பவை பொம்மை எஞ்சின்கள் அல்ல. பிலடெல்பியாவின் பால்ட்வின் தொழிற்சாலையில் 1916க்கும் 1928க்கும் இடையில் செய்யப்பட்ட உண்மையான நீராவி எஞ்சின்கள் நான்கு. மெக்சிகோவின் யூகடான் பகுதியில் ஓடிக்கொண்டிருந்தவற்றை 1969இல் வாங்கிவந்து, டாம்பாவின் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் புதுப்பித்து, பூங்கா திறந்த காலத்திலிருந்து ஓட்டுகிறார்கள். தண்டவாளத்தின் அகலம் மூன்று அடி. நம் ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜைவிடச் சற்றே குறுகலானது. அந்த ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்த பணிமனையில் வேலை பார்த்தவருக்கு, நூறாண்டைத் தொட்ட ஓர் எஞ்சினை எப்படிப் பேணுகிறார்கள் என்று பார்ப்பதைவிட அங்கே சுவையான காட்சி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஓட்டுநர்களும் ஆர்வத்தோடு கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் இயல்புடையவர்கள். பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும்.

பராமரிப்புப் பணிகளுக்காகவும், அருகில் நடக்கும் கட்டுமானங்களுக்காகவும் அந்த ரயிலைச் சில காலம் நிறுத்திவைப்பது உண்டு. ஆகவே தேதியை உறுதி செய்யும் முன், டிஸ்னியின் செயலியில் அந்த வாரத்துக்கான மூடல் பட்டியலைப் பாருங்கள். ஓடுகிறது என்றால் மேஜிக் கிங்டமுக்குப் போகும் காலையில், கூட்டம் சேரும் முன், முதல் ரயிலிலேயே அவரை ஏற்றிவிடுங்கள்.